மூச்சிரைப்பு உள்ளவரின் உடற்பயிற்சி நம்பிக்கையை அளப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள இருவர். நுரையீரல் திறனைக் காட்டும் ஊதும் சோதனையில் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே எண். ஆறு நிமிட நடைச் சோதனையில் இருவரும் 350 மீட்டர் நடந்தவர்கள். வீடு திரும்பியதும் ஒருவர் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மற்றவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குமாக நாளைக் கழிக்கிறார். இந்த வேறுபாட்டுக்கான காரணம் பெரும்பாலும் மருத்துவக் கோப்பில் இருக்காது. 'நடந்தால் தாங்குவேனா?' என்ற கேள்விக்கு அவர் தனக்குள் என்ன பதில் சொல்லிக்கொள்கிறார் என்பதை யாரும் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பதில் உடம்பையும் மாற்றுகிறது. மூச்சு வாங்குமோ என்ற பயத்தில் நடையைக் குறைத்தால் தொடைத் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலையிலேயே களைத்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. அதை ஈடுகட்ட நுரையீரல் இன்னும் வேகமாக இயங்க வேண்டியிருக்கிறது. மூச்சு முன்பைவிடச் சீக்கிரம் வாங்குகிறது, பயம் உறுதிப்படுகிறது, நடை மேலும் குறைகிறது. இந்தச் சுழலில் நம்பிக்கைக்கும் தசைக்கும் பங்கு உண்டு. தசையை மட்டும் அளந்து பயிற்சி கொடுப்பது பாதி வேலைதான்.

இது புதிய கருத்து இல்லை. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களை வைத்து ராபர்ட் கப்லானும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்விலேயே, நடை பற்றிய குறிப்பான நம்பிக்கைதான் நடைப்பயிற்சியைக் கடைப்பிடிப்பதோடு இணைந்திருந்தது. 'என் உடல்நலம் என் கையில்' என்பது போன்ற பொதுவான மனப்பாங்கு அந்த அளவுக்குப் பயன்படவில்லை. 1994-இல் அதே குழு, நடை மீதான நம்பிக்கைக்கும் ஐந்தாண்டு உயிர்வாழ்வுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நம்பிக்கை இருந்தால் ஆயுள் கூடும் என்று இதைப் படிக்கக் கூடாது. நோய் முற்றியவருக்கு நம்பிக்கையும் குறைவாக இருக்கும். அந்த எண்ணுக்குள் நோயின் கடுமையும் ஒளிந்திருக்கிறது.

நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவுகளில், அதாவது இந்த நோயாளிகளுக்கு உடற்பயிற்சியும் ஆலோசனையும் தரும் பிரிவுகளில், பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள், செவிலியர்கள், இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி. என் கட்சி ஒன்றுதான். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தச் செயல், எவ்வளவு நேரம், எந்த இடையூறு என்று குறித்துக் கேளுங்கள். நடக்க வைப்பதற்கு முன்பே கேளுங்கள். கிடைத்த எண்ணை, நடந்த தூரத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

படி 1: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த 'தன்திறன் நம்பிக்கை' என்ற கருத்தே இத்துறையின் அடித்தளம். ஒரு குறிப்பிட்ட செயலை, ஒரு குறிப்பிட்ட சூழலில், தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் எவ்வளவு உறுதியாக நினைக்கிறார் என்பதே அது. தன்மதிப்பு வேறு: தன்னைப் பற்றி மிக உயர்வாக நினைப்பவர்கூட மாடிப்படியைக் கண்டு தயங்கலாம். ஆர்வமும் வேறு: 'நடக்க ஆசைதான், முடியாது' என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். 'நடந்தால் உடம்புக்கு நல்லது' என்பது பயன் பற்றிய எதிர்பார்ப்பு. அதை நூற்றுக்கு நூறு நம்பிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

உடற்பயிற்சி நம்பிக்கைக்குள்ளும் இரண்டு வகை உண்டு. ஒன்று, செயல் சார்ந்தது: பத்து நிமிடம் நடக்க முடியுமா, ஒரு மாடி ஏற முடியுமா. இன்னொன்று, கடைப்பிடிப்பு சார்ந்தது: தூக்கம் கெட்ட மறுநாளும், சளி கூடிய நாளிலும், துணைக்கு ஆள் இல்லாதபோதும் பயிற்சியை விடாமல் செய்ய முடியுமா. மறுவாழ்வுக் கூடத்தில் முதலாவது எளிதில் உயர்ந்துவிடும்; அங்கே ஆள் இருக்கிறது, இரத்த ஆக்ஸிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. வீட்டுக்குப் போனபின் நிலைப்பதை இரண்டாவதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கேள்வித்தாள்கள் சில உள்ளன. சிஓபிடி தன்திறன் அளவுகோல் 1991-இல் விகல், கிரீர், கோட்சஸ் ஆகியோரால் வெளியிடப்பட்டது. 34 சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் மூச்சுத் திணறலைச் சமாளிக்கவோ தவிர்க்கவோ முடியும் என்ற நம்பிக்கையை ஐந்து நிலைகளில் கேட்கிறது. உடலுழைப்பு அதன் ஐந்து பிரிவுகளில் ஒன்றுதான். மற்றவை எதிர்மறை உணர்வு, கடும் மனக்கிளர்ச்சி, வானிலையும் சுற்றுச்சூழலும், பழக்கவழக்கம் சார்ந்த ஆபத்துகள். மூச்சிரைப்பைச் சமாளிக்கும் நம்பிக்கையை முழுமையாக அறிய இது நல்ல கருவி. உடற்பயிற்சியை மட்டும் அறிய வேண்டுமென்றால் நீளம் அதிகம்.

பிரெய்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவி, நுரையீரல் மறுவாழ்வுக்கென்றே இங்கிலாந்தின் லெஸ்டரில் உருவாக்கப்பட்டு, அதன் மதிப்பீடு 2011-இல் வெளியானது. 15 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை; மொத்தம் 15 முதல் 60 வரை. இவற்றில் பத்து, பொதுத் தன்திறன் அளவுகோலிலிருந்து வந்தவை. மறுவாழ்வு சார்ந்தவை ஐந்தே. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பது இதன் பலம். ஆனால் மொத்த மதிப்பெண் உயர்ந்தால், உயர்ந்தது பொதுவான துணிச்சலா, பயிற்சி நம்பிக்கையா என்று அந்த ஐந்து கேள்விகளைத் தனியே பார்த்தால்தான் தெரியும்.

கடைப்பிடிப்பு நம்பிக்கைக்கு, டேவிஸ் குழுவினர் 2007-இல் சிஓபிடி உள்ளவர்களிடம் சோதித்து வெளியிட்ட உடற்பயிற்சித் தன்னொழுங்கு அளவுகோல் பொருத்தமானது. இடையூறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி 0 முதல் 100 வரை கேட்கும் 16 கேள்விகள் கொண்டது. முதியோருக்கென ரெஸ்னிக்கும் ஜென்கின்ஸும் 2000-இல் வெளியிட்ட ஒன்பது கேள்விக் கருவியும் இதே வகை. அதில் மூச்சிரைப்புக்கென்று தனி இடம் இல்லாததால், இந்த நோயாளிகளுக்கு அதை இரண்டாம் தேர்வாகவே வைப்பேன்.

என் பரிந்துரை: ஆய்வு செய்பவர்கள் வெளியிடப்பட்ட கருவியையே பயன்படுத்துங்கள், உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அன்றாடச் சிகிச்சைக்கு மட்டும் என்றால், படி 4-இல் வரும் நடை ஏணியும் ஐந்தாறு இடையூறுக் கேள்விகளும் போதும். அவை சிகிச்சையைத் திட்டமிட உதவும். வெளியிடப்பட்ட ஆய்வுகளின் எண்களோடு அவற்றை ஒப்பிட முடியாது.

படி 3: மொழிபெயர்ப்பைச் சோதியுங்கள்

மூலமொழியில் சோதிக்கப்பட்ட கருவி என்பதற்காக அதன் மொழிபெயர்ப்பும் நம்பகமானது ஆகிவிடாது. தனித்தனியாக இருவர் மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்த்து, வேறுபாடுகளைக் குழுவாக உட்கார்ந்து தீர்ப்பது வழக்கமான முறை. நேரமில்லை என்று இதற்கு அடுத்த கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மிகவும் பயன்தருவது அதுதான். சில நோயாளிகளிடம் கேள்வியைக் கொடுத்து, 'இதில் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று கேட்பது.

அப்போதுதான் ஓட்டைகள் வெளிப்படும். 'மிதமான உடற்பயிற்சி' என்பதை ஒருவர் கைகால் நீட்டுவது என்று நினைப்பார், மற்றவர் ஓட்டம் என்று நினைப்பார். 'தொடர்ந்து' என்பது நிற்காமல் நடப்பதா, நாள் தவறாமல் நடப்பதா என்ற குழப்பம் வரும். 'களைப்பாகவோ கவலையாகவோ இருக்கும்போது' என்று இரண்டை ஒரே கேள்வியில் அடைத்தால், களைப்பில் நடப்பவரும் கவலையில் முடங்குபவருமான ஒருவர் எந்த எண்ணைச் சொல்வார்? 'படிக்கட்டு ஏறும்போது மூச்சிரைக்காமல் இருக்க முடியாது என்று நினைப்பதில்லை' என்பது போன்ற இரட்டை எதிர்மறை, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தண்டனை.

படி 4: நடை ஏணியை அமையுங்கள்

சொந்தமாகக் கேள்விகள் அமைப்பவர்களுக்குப் பண்டூராவே 2006-இல் ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார். அதன் சாரம்: கேள்வி 'முடியுமா' என்று இருக்க வேண்டும், 'செய்வீர்களா' என்று இருக்கக் கூடாது. இரண்டாவது, எண்ணத்தைக் கேட்பது. இன்றைய நிலையைக் கேளுங்கள், வருங்காலத்தைக் கேட்காதீர்கள். எளிதிலிருந்து கடினம் வரை படிநிலைகள் இருக்க வேண்டும். எல்லாருக்கும் எளிதான கேள்விகளாக இருந்தால் எல்லாரும் உச்சத்தில் போய் நிற்பார்கள். விடைகள் 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக. ஐந்து நிலைகள் போதுமென்று நினைக்கலாம். ஆனால் மக்கள் இரு முனைகளையும் தவிர்ப்பதால் கையில் மிஞ்சுவது மூன்று நிலைகள்தான். தாளின் தலைப்பில் 'தன்னம்பிக்கைச் சோதனை' என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்ததுமே சிலர் நல்ல மதிப்பெண் வாங்க முயல்வார்கள். 'நடை பற்றிய கேள்விகள்' என்று இருக்கட்டும்.

நடை ஏணியின் தலைவாக்கியம் இப்படி இருக்கலாம்: 'சமதரையில், உங்கள் சொந்த வேகத்தில், உட்காராமல், கீழே உள்ள நேரம் நடக்க இன்றைய நிலையில் உங்களால் முடியும் என்பதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்?' அதன் கீழே 2, 5, 10, 15, 20, 30 நிமிடங்கள். 0 என்றால் சுத்தமாக முடியாது, 50 என்றால் முடியலாம் முடியாமலும் போகலாம், 100 என்றால் நிச்சயம் முடியும். நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 'நிற்கலாம், உட்காரக் கூடாது' என்றோ 'நிற்கவும் கூடாது' என்றோ முன்கூட்டியே முடிவு செய்து தாளிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு சொல்லில் எண் தலைகீழாக மாறும்.

இடையூறுக் கேள்விகளை உங்கள் நோயாளிகளின் வாயிலிருந்து எடுங்கள். வழக்கமாக வருபவை: முந்தைய இரவு சரியாகத் தூங்காதபோது, சளி அதிகமாக இருக்கும் நாளில், நடக்கத் தொடங்கியதுமே மூச்சு வாங்கும்போது, கூட வர ஆள் இல்லாதபோது, நோய் முற்றி ஒரு வாரம் படுத்து எழுந்த பிறகு. நோய்க்கு ஏற்ப ஒன்றிரண்டைச் சேர்க்க வேண்டியிருக்கும். மூச்சுக்குழாய் விரிவு நோய் உள்ளவருக்குப் பிறர் முன்னிலையில் இருமிச் சளி துப்ப நேரிடுமே என்ற கூச்சம் பெரிய தடை. ஆஸ்துமா உள்ளவருக்கு, இன்ஹேலர் கையில் இருந்தால் ஒரு நம்பிக்கை, இல்லாவிட்டால் வேறொன்று. வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவருக்கு, மூக்கில் குழாயோடு வெளியே போக முடியுமா என்பதே முதல் கேள்வி.

படி 5: கேட்கும் நேரமும் ஆளும்

நடைச் சோதனைக்கு முன்பு கேளுங்கள். நடந்து முடித்தபின் கேட்டால், இப்போதுதான் நடந்த தூரத்தை நோயாளி எண்ணாக மாற்றித் தருவார். தூரத்தை இரண்டு முறை அளந்ததுதான் மிச்சம். வந்து உட்கார்ந்து மூச்சு சீராகும் வரை பொறுங்கள். வழக்கமான இன்ஹேலரை எடுத்துக்கொண்டாரா, எப்போது எடுத்தார் என்பதைக் குறியுங்கள். அடுத்த முறையும் அதே நிலையில் கேட்க வேண்டும். நோய் திடீரென முற்றிச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் நாட்களில் எடுத்த எண்ணை அடிப்படை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி கொடுப்பவரே கேள்வியும் கேட்டால், அவர் மனம் கோணக் கூடாது என்று நோயாளி எண்ணைக் கூட்டிச் சொல்வார். முடிந்தவரை வேறொருவர் கேட்கட்டும். 'குறைவாகச் சொன்னால் பயிற்சியிலிருந்து நீக்கிவிட மாட்டோம், அதிகமாகச் சொன்னால் கடினமாக்கவும் மாட்டோம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட வந்திருக்கும் மகனோ மகளோ முந்திக்கொண்டு பதில் சொல்வதைத் தவிர்க்கவே முடியாது. அவர்களைத் தனித்தாளில் அதே கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லி வேறு இடத்தில் உட்காரவைப்பது நல்ல தந்திரம். நோயாளி 70 என்று சொன்னதற்கு மகள் 10 என்று எழுதியிருந்தால், வீட்டில் அவரை நடக்கவிடாமல் தடுப்பது யார் என்று தெரிந்துவிடும்.

படி 6: கேட்கும் விதம்

முதலில் ஒரு பழக்கக் கேள்வி. பண்டூரா தந்த மாதிரி, எடை தூக்குவது: 5 கிலோ தூக்க முடியும் என்பதில் எவ்வளவு உறுதி, 10 கிலோ, 20 கிலோ, 50 கிலோ? எடை ஏற ஏற எண் இறங்கினால் அளவுகோல் புரிந்துவிட்டது என்று பொருள். எண்களோடு பழக்கம் இல்லாதவருக்குப் பத்துப் பொத்தான்களைக் கொடுத்து, 'எவ்வளவு உறுதியோ அத்தனை எடுத்து வையுங்கள்' என்று சொல்லலாம். வாசிக்கச் சிரமப்படுவோருக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே சொற்களில், ஒரே குரலில்.

எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். ஓர் உரையாடல் இப்படிப் போகலாம்:

"ஐயா, உட்காராமல் பத்து நிமிடம் நடக்க எவ்வளவு உறுதி?"

"நடந்துவிடலாம்."

"அதை எண்ணில் சொன்னால்?"

"அறுபது. வேண்டாம், ஐம்பது போடுங்கள்."

"அறுபதிலிருந்து இறங்கினீர்களே, என்ன நினைத்தீர்கள்?"

"வழியில் யாராவது நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால், அப்புறம் மூச்சு பிடிபடாது."

இங்கே கேட்பவர் எந்த எண்ணையும் எடுத்துக்கொடுக்கவில்லை, 'பரவாயில்லை, நடந்துவிடுவீர்கள்' என்று தேற்றவும் இல்லை. தேற்றுவதற்கு நேரம் பின்னால் இருக்கிறது. அளக்கும்போது தேற்றினால் அடுத்த எண் உங்களுடையது ஆகிவிடும். பேசிக்கொண்டே நடப்பதுதான் இவருடைய சிக்கல் என்பது 50 என்ற எண்ணில் இல்லை, அந்தப் பத்து எண் இறக்கத்தில் இருந்தது. அதை ஓரத்தில் எழுதிவையுங்கள். பயிற்சித் திட்டத்தில் நின்று பேசி மீண்டும் நடப்பதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

படி 7: நடக்க வையுங்கள்

ஆறு நிமிட நடைச் சோதனையின் நெறிமுறை பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள சமதள நடைபாதை. இருமுறை நடக்கவைத்து அதிக தூரத்தை எடுத்துக்கொள்வது, இடையே அரை மணி நேரமாவது ஓய்வு. முன்னும் பின்னும், மூச்சிரைப்பு எவ்வளவு என்று நோயாளியே 0 முதல் 10 வரை சொல்லும் போர்க் அளவுகோல். பல்ஸ் ஆக்ஸிமீட்டரைத் தொடர்ந்து கவனிப்பது. ஆக்ஸிஜன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். நெஞ்சுவலி, தாங்க முடியாத மூச்சுத் திணறல், தள்ளாட்டம், முகம் வெளிறுதல் எதுவானாலும் நிறுத்த வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், கட்டுக்குள் இல்லாத நெஞ்சுவலி உள்ளவர் ஆகியோரை நடக்க வைக்காதீர்கள்; ஓய்விலேயே நாடித்துடிப்பு 120-க்கு மேல் உள்ளவரை மருத்துவரின் ஒப்புதல் இன்றி நடக்க வைக்காதீர்கள்.

நம்பிக்கையை அளப்பவர் இதில் இரண்டைச் சேர்க்க வேண்டும். முதலாவது, நடந்து முடித்தபின் மூச்சு பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆனது என்ற குறிப்பு. இரண்டாவது, முதல் நடைக்கும் இரண்டாம் நடைக்கும் இடையே 'ஆறு நிமிடம் நிற்காமல் நடக்க எவ்வளவு உறுதி?' என்ற ஒரே கேள்வியை மீண்டும் கேட்பது. முதல் நடைக்கு முன் 40 என்றவர் அதன்பின் 80 என்றால், அவருக்குத் தேவை அனுபவம்தான். பேச்சு குறைவாகவும் பயிற்சி அதிகமாகவும் கொடுங்கள். நன்றாக நடந்து முடித்தும் 40-லேயே நின்றால், 'இன்று ஏதோ நல்ல நாள்' என்று அவர் அந்த நடையைத் தள்ளுபடி செய்துவிட்டார். அவரிடம் நடையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

படி 8: மதிப்பெண் கணக்கு

சராசரி எடுப்பது வழக்கம். சராசரி எதை மறைக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. முதலாமவர் ஏணியில் சொன்னவை: 100, 90, 70, 40, 20, 0. இரண்டாமவர் சொன்னவை: 60, 60, 50, 50, 50, 50. இருவருக்கும் கூட்டுத்தொகை 320, சராசரி 53. முதலாமவருக்குத் தன் எல்லை தெளிவாகத் தெரிகிறது. பத்து நிமிடம் வரை தைரியம், அதற்குமேல் சரிவு. இரண்டாமவருக்கு இரண்டு நிமிடமும் முப்பது நிமிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று, கேள்வி அவருக்குப் புரியவில்லை. அல்லது நடந்து பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டதால் அவரிடம் சொல்வதற்கு எந்த அனுபவமும் இல்லை. இவர்கள் இருவருக்கும் ஒரே பயிற்சித் திட்டம் எழுதுவது அபத்தம்.

ஆகவே சராசரியோடு, 70 அல்லது அதற்கு மேல் சொன்ன மிகக் கடினமான படி எது என்பதையும் குறியுங்கள். 70 என்பது வசதிக்காக நான் எடுத்துக்கொள்ளும் கோடு. நீங்கள் வேறு கோடு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நடுவில் மாற்றாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஐந்து நிமிடத்தைவிட அதிக எண் வந்தால், எழுதும் முன் மீண்டும் கேளுங்கள். விடுபட்ட கேள்விக்கு 0 போடாதீர்கள்; பதில் இல்லை என்பது முடியாது என்பதாகாது. வெளியிடப்பட்ட கருவி என்றால் விடுபட்டவற்றை எப்படிக் கணக்கிடுவது என்று அதன் உருவாக்குநர் சொன்னபடி செய்யுங்கள். இடையூறுக் கேள்விகளில் சராசரியைவிட மிகக் குறைந்த இரண்டு எண்களே முக்கியம். பயிற்சியைக் குலைக்கப்போவது பெரும்பாலும் அவைதான்.

படி 9: எண்ணையும் நடையையும் பக்கத்தில் வையுங்கள்

இங்கேதான் முழு உழைப்புக்கும் பலன் கிடைக்கிறது.

நம்பிக்கை குறைவு, நடை நன்று: இவர்கள்தான் அளவீட்டால் அதிகம் பயனடைபவர்கள். தன்திறன் நம்பிக்கை பிறக்கும் இடங்கள் என்று பண்டூரா சொன்ன நான்கு ஊற்றுகளையும் இங்கே பயன்படுத்தலாம். தானே செய்து முடித்த அனுபவம் முதலாவது. மிக வலிமையானதும் அதுவே. எனவே ஏணியில் 70 சொன்ன படியில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. குழுப் பயிற்சியின் பெருமதிப்பு இதில் இருக்கிறது. ஆனால் மாதிரியாகக் காட்டப்படுபவரும் மூச்சு வாங்கி நடப்பவராக இருக்க வேண்டும். திடகாத்திரமான பயிற்சியாளர் செய்து காட்டினால், 'அவரால் முடியும்' என்பதோடு போய்விடும். பிறர் தரும் ஊக்கச் சொல் மூன்றாவது. உடம்பின் அறிகுறிகளை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது நான்காவது. நுரையீரல் நோயில் இதற்குத் தனி எடை உண்டு. மூச்சு வாங்குவதை ஆபத்தின் அறிகுறியாகவே பல ஆண்டுகள் பழகியவரிடம், நடந்தபின் எடுத்த குறிப்பைக் காட்டுங்கள்: 'மூச்சிரைப்பு 5 வரை ஏறியது, ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே போகவில்லை, மூன்று நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தீர்கள்.' பல பேரின் பயம் மூச்சு வாங்குவதைப் பற்றியது இல்லை, போன மூச்சு திரும்பி வராதோ என்பதைப் பற்றியது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை மீட்கும் முறையை நடைக்கு முன்பே கற்றுக்கொடுங்கள்.

நம்பிக்கை அதிகம், நடை குறைவு: இவர்களைப் பாராட்டி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. நுரையீரல் தழும்பு நோய்களில், மூச்சிரைப்பு பெரிதாகத் தெரியாமலேயே நடையின்போது ஆக்ஸிஜன் கணிசமாகச் சரியலாம். அப்படிப்பட்டவருக்கு 90 என்ற நம்பிக்கை எண் எச்சரிக்கை மணி. நம்பிக்கையை உடைக்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைக்கவும், இடையிடையே நிற்கவும், ஆக்ஸிமீட்டரைப் பார்க்கவும் பழக்குங்கள். தேவைப்பட்டால் நடக்கும்போது ஆக்ஸிஜன் தருவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டும் குறைவு என்றால் இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள், ஒரு நிமிடமானாலும் சரி. எல்லாக் கேள்விகளிலும் ஒரே மாதிரி அடிமட்ட எண்கள் வந்தால் மனச்சோர்வைக் கவனியுங்கள். அது நடையைப் பற்றிய பதிலாக இல்லாமல் வாழ்க்கையைப் பற்றிய பதிலாக இருக்கலாம். அதற்கான தனிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தும் வீட்டில் நடக்காதவர் ஒரு தனி ரகம். நடக்கும் திறன் கூடினால் அன்றாட நடமாட்டமும் தானாகவே கூடிவிடும் என்பதை நுரையீரல் மறுவாழ்வு ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. காலடி எண்ணும் கருவியை ஒரு வாரம் கட்டிவிட்டால், சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் தெரியும். அதன்பின் இடையூறுக் கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

படி 10: மறுபடியும் அளக்கும்போது

பயிற்சி முடிந்ததும் எண் உயரும் என்று எதிர்பார்ப்போம். சில நேரம் இறங்கும், தூரம் கூடியிருந்தாலும்கூட. தொடக்கத்தில் 20 நிமிடம் நடப்பது எப்படிப்பட்டது என்றே தெரியாமல் 90 என்று சொன்னவர், எட்டு வாரம் நடந்தபின் தெரிந்து 70 என்கிறார். இது சறுக்கல் இல்லை, அவருடைய அளவுகோல் மாறியிருக்கிறது. 'பயிற்சிக்கு முன் உங்கள் நிலை என்னவாக இருந்தது என்று இப்போது நினைக்கிறீர்கள்?' என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு அதைத் தனியாக எழுதுங்கள். பழைய எண்ணை அழித்து அந்த இடத்தில் இதை எழுதிவிடாதீர்கள். பின்னோக்கிய நினைவுக்கும் சார்பு உண்டு.

சிறு ஏற்றத்தைக் கொண்டாடும் முன் அளவீட்டுப் பிழையைக் கணக்கிடுங்கள். நிலைமை மாறாத சிலரிடம் ஓரிரு வார இடைவெளியில் இருமுறை கேட்டு, நம்பகத்தன்மைக் கெழுவை, அதாவது இருமுறை வந்த எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 1-க்குள் காட்டும் எண்ணை, கண்டுபிடிக்க வேண்டும். 1-இலிருந்து அந்தக் கெழுவைக் கழித்து, வருவதன் வர்க்கமூலத்தைத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பெருக்கினால் அளவீட்டின் திட்டப் பிழை. அதை 2.77-ஆல் பெருக்கினால், ஒரு தனி நபரிடம் உண்மையான மாற்றம் என்று சொல்லத்தக்க குறைந்தபட்ச அளவு. திட்ட விலக்கம் 20, கெழு 0.85 என்று வைத்துக்கொண்டால் திட்டப் பிழை 7.7, குறைந்தபட்ச மாற்றம் ஏறத்தாழ 21. அதாவது 53-இலிருந்து 60-க்குப் போன ஒருவரை 'முன்னேறியவர்' என்று எழுத இந்தக் கருவி இடம் தராது. நடை தூரத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று ஏற்கப்பட்ட அளவு இருக்கிறது. சொந்தமாக அமைத்த ஏணிக்கு நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்திலேயே நூறு பேரில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உச்ச எண்ணைத் தொட்டுவிட்டால், அந்த ஏணியால் அவர்களின் முன்னேற்றத்தைக் காட்ட முடியாது. மேலே ஒரு படி சேருங்கள்: மேட்டில் பத்து நிமிடம், அல்லது கையில் சுமையோடு.

எப்போதெல்லாம் கேட்பது? சேரும்போது, முடிக்கும்போது, முடித்த சில மாதங்களுக்குப் பின். இவற்றோடு, நோய் முற்றி எழுந்த ஒவ்வொரு முறையும். அந்த நான்காவது தருணத்தில்தான் நம்பிக்கை சரிவதை அதிகம் பார்க்கலாம், பெரும்பாலும் யாரும் கேட்காமல் விடுவதும் அப்போதுதான்.

கோப்பில் எழுதும் குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. படி 8-இல் வந்த முதலாமவருக்கு நான் எழுதுவது இவ்வளவுதான்: "சமதரை நடை, உட்காராமல்: 10 நிமிடத்துக்கு 70, 15-க்கு 40. ஆறு நிமிட நடைக்கு முன் 80, பின் 90; தூரம் 350 மீட்டர், மூச்சிரைப்பு 5, மீள 3 நிமிடம். மிகக் குறைந்த இடையூறு எண்கள்: தூக்கம் கெட்ட மறுநாள் 20, துணையின்றி 30. 10 நிமிட நடையில் தொடங்குக. இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை தனியாக நடக்கவிட்டுப் பார்க்க. தூங்காத நாளுக்கென 5 நிமிட மாற்றுப் பயிற்சி கொடுக்க. நான்காம் வாரம் ஏணியை மீண்டும் கேட்க."